பைன் மர ஷில்லிங்: தராசும் ஒரு தம்ளர் தண்ணீரும்

அமெரிக்கக் காலனி காலத்து வெள்ளிக் காசு சேர்க்க இறங்குகிறவர்களில் பலர் சீக்கிரமே வந்து நிற்கும் இடம், மாசசூசெட்ஸின் பைன் மர ஷில்லிங். போலிகளுக்கும் அங்கே பஞ்சமில்லை. காசை எந்த உறையில் வைப்பது, எப்படிப் பிடிப்பது என்பதெல்லாம் இந்தப் பதிவில் இல்லை. கையில் ஒரு காசு வந்தால் அதை வீட்டிலேயே எப்படிச் சோதிப்பது என்பதுதான் விஷயம்.

படி 1: ஆண்டைப் பாருங்கள், ஆனால் நம்பாதீர்கள்

1652-இல் பாஸ்டனில் ஜான் ஹல்லும் ராபர்ட் சாண்டர்சனும் காசு அடிக்கத் தொடங்கினார்கள். முதலில் வெறும் வெள்ளி வில்லை. ஒரு பக்கம் நியூ இங்கிலாந்தைக் குறிக்கும் இரண்டு எழுத்து, மறுபக்கம் மதிப்பு. ஓரத்தைச் சுரண்டித் திருட ரொம்ப வசதி! அதனால் அதே ஆண்டு, நடுவில் மரம், சுற்றிலும் புள்ளி வளையமும் எழுத்தும் வேண்டும் என்று உத்தரவானது. வில்லோ, ஓக் வந்து, பிறகு 1667 முதல் 1682 வரை பைன். எந்த ஆண்டு அடித்தாலும் பொறித்தது 1652தான். ஓக் மர இரண்டு பென்ஸ் மட்டும் விலக்கு, அதில் 1662. ஆகவே 1670 என்று போட்ட பைன் மர ஷில்லிங்கை யாராவது நீட்டினால், நன்றி சொல்லிவிட்டு நகர்ந்துவிடுங்கள்.

படி 2: எடை

ஷில்லிங்குக்கு விதித்த எடை 72 கிரெயின், ஏறக்குறைய 4.67 கிராம். வில்லை அகலமாக மெல்லியதாகவும் இருக்கும், சிறியதாகத் தடித்தும் இருக்கும், எடை ஒன்றுதான். விட்டத்தை வைத்து முடிவு கட்டாதீர்கள்.

4 கிராம்தான் வருகிறதா? உடனே போலி என்று தள்ள வேண்டாம். வெளி வளையத்தைப் பாருங்கள். புள்ளிகளும் எழுத்தின் தலையும் வெட்டுப்பட்டிருந்தால், யாரோ அந்தக் காலத்திலேயே வெள்ளியைச் சீவியிருக்கிறார்கள். வளையம் முழுசாக இருந்து, தேய்மானமும் இல்லாமல் எடை மட்டும் குறைந்தால்தான் சந்தேகம்.

படி 3: அடர்த்தி

பலரும் கோட்டை விடுவது இங்கேதான். இந்தக் காசு ஸ்டெர்லிங் வெள்ளி, அதாவது நூற்றுக்கு 92.5 பங்கு வெள்ளி; அதன் அடர்த்தி சுமார் 10.3 முதல் 10.4. நினைவுப் பொருள் கடைகளில் கிடைக்கும் வெள்ளீய நகல் 7.5-ஐத் தாண்டுவதே கஷ்டம்.

தராசின் மேல் தண்ணீர்த் தம்ளரை வைத்து, எண்ணைப் பூஜ்ஜியமாக்குங்கள். காசை மெல்லிய நைலான் தூண்டில் நரம்பில் கட்டி, முழுக்க மூழ்கும்படி தொங்கவிடுங்கள். அடியிலோ பக்கத்திலோ படக்கூடாது. இப்போது தராசு காட்டும் எண், காசு விலக்கிய தண்ணீரின் எடை. காசின் எடையை அதனால் வகுத்தால் அடர்த்தி. 4.67 கிராம் காசுக்கு 0.45 வந்தால் விடை 10.38.

அந்த 0.45-ஐக் கவனியுங்கள். 0.1 கிராம் வரைக்கும்தான் காட்டும் சமையலறைத் தராசு இதை 0.4 என்றோ 0.5 என்றோ சொல்லும், விடை 11.7 அல்லது 9.3. இரண்டுமே குப்பை. 0.01 கிராம் காட்டும் நகைத் தராசு வாங்குங்கள், விலை ஒன்றும் பெரிதல்ல. தையல் நூல் வேண்டாம், தண்ணீர் குடிக்கும். காந்தச் சோதனையை நான் செய்வதே இல்லை. ஈயமும் பித்தளையும்கூட காந்தத்தில் ஒட்டாது.

படி 4: அச்சு ஒப்பீடு

தாமஸ் வயட் என்பவர் 1850-களில் நியூயார்க்கில் இந்தக் காசுகளை வெள்ளியிலேயே போலியாக அடித்தார். அவர் சரக்கு அடர்த்தியில் தேறிவிடக்கூடும். காசு அடித்த ஒவ்வோர் அச்சுக்கும் சிட்னி நோ என்ற நாணய ஆய்வாளர் வகுத்த எண் உண்டு. அந்த எண்ணுக்குரிய காசின் படத்தோடு மரக்கிளை, எழுத்து இடைவெளி இரண்டையும் ஒப்பிடுங்கள். பைன் மரப் பென்னி என்று ஒன்று வந்தால் ஒப்பீடே தேவையில்லை; பாஸ்டனில் பென்னி அடிக்கவே இல்லை, அது வயட்டின் கற்பனை.

பின்சேர்க்கை: "9.8தான் வருகிறது" என்று சிலர் எழுதியிருந்தார்கள். முதலில் குமிழியைப் பாருங்கள். எழுத்துகளின் இடுக்கில் காற்று ஒட்டினால் அடர்த்தி குறைந்தே வரும். தண்ணீரில் ஒரு சொட்டு பாத்திர சோப்புத் திரவம் விட்டால் போய்விடும். ஓட்டை போட்டு அடைத்த காசிலும் ஈயப் பற்று எண்ணைக் கெடுக்கும்.

இன்னொரு கேள்வி, "கடைக்காரர் காசைத் தண்ணீரில் முக்க விடுவாரா?" பெரும்பாலும் விடமாட்டார். எடை பார்க்கச் சம்மதிப்பார். மீதிக்கு, திருப்பிக் கொடுக்கும் உரிமையை எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். நல்ல காசுக்கு ஆயிரக்கணக்கில் டாலர் போகும் என்பதால், முதல் காசை, காசுகளைச் சோதித்துச் சான்று தரும் நிறுவனங்களான பிசிஜிஎஸ் அல்லது என்ஜிசி முத்திரையிட்ட பெட்டியில் இருப்பதாகவே வாங்கச் சொல்வேன். பட்ஜெட் இடிக்கிறதா? மெக்சிகோவில் அடித்த ஸ்பானிய இரண்டு ரியால் பாருங்கள். காலனிகளில் புழங்கிய காசு, 1857 வரை அமெரிக்காவில் சட்டப்படி செல்லுபடியானது. தேய்ந்ததாக இருந்தால் ஷில்லிங் விலையில் ஒரு சிறு பங்குக்கே கிடைத்துவிடும்.