ஜெர்மனிக்குப் படிக்கச் செல்லும் முன் சென்னையில் முடிக்க வேண்டிய வேலைகள்

ஜெர்மனியில் குளிர்காலப் பருவம் அக்டோபர் 1 அன்று தொடங்குவதாகக் கணக்கு. அந்தப் பருவத்தில் சேர விரும்பும் சென்னை மாணவர் முந்தைய ஆண்டுத் தீபாவளியை ஒட்டியே ஏற்பாடுகளைத் தொடங்கிவிட வேண்டும் என்பேன். ஒரு காகிதம் கையில் வந்தால்தான் அடுத்த காகிதத்துக்கு விண்ணப்பிக்க முடியும் என்னும் நிலை இருப்பதால், எதை முதலில் செய்கிறோம் என்பது இங்கே மிக முக்கியமாகிறது.

படி 1: பெயரைச் சரிசெய்தல்

பல்கலைக்கழகத் தேர்வைவிட இதை முன்னால் வைக்கிறேன். நம்மிடம் குடும்பப் பெயர் கிடையாது, தலைப்பெழுத்துதான் உண்டு. அதனால் பத்தாம் வகுப்பு மதிப்பெண் சான்றிதழில் ஒரு தலைப்பெழுத்தும் பெயரும், பட்டச் சான்றிதழில் பெயருக்குப் பின்னால் தலைப்பெழுத்தும், பாஸ்போர்ட்டில் விரித்தெழுதிய தந்தை பெயரும் இருப்பது இங்கே வெகு சாதாரணம். உள்ளூரில் யாரும் இதைக் கேள்வி கேட்பதில்லை. ஆனால் வெளிநாட்டு அலுவலகத்தின் கணினிக்கு இவை மூன்றும் மூன்று ஆட்களாகத் தெரியக்கூடும்.

எல்லாச் சான்றிதழ்களையும் மேசையில் பரப்பி, ஒவ்வொன்றிலும் உள்ள பெயரை எழுத்துக்கு எழுத்து ஒரு தாளில் எழுதிப் பாருங்கள். பாஸ்போர்ட்டில் குடும்பப் பெயர்க் கட்டம் காலியாக இருந்தால், தந்தை பெயரை அங்கே இடம்பெறச் செய்து புதிய பாஸ்போர்ட் பெற்றுக்கொள்வது நல்லது. சாலிகிராமம், அமைந்தகரை, தாம்பரம் ஆகிய இடங்களில் பாஸ்போர்ட் சேவை மையங்கள் உள்ளன. 36 பக்கப் பாஸ்போர்ட்டுக்குச் சாதாரண முறையில் 1,500 ரூபாயும், தட்கல் முறையில் கூடுதலாக 2,000 ரூபாயும் கட்டணம். தலைப்பெழுத்தின் விரிவு மட்டுமே வேறுபடுகிறது என்றால், இரண்டு பெயரும் ஒருவரையே குறிக்கும் என்று நோட்டரி முன்னிலையில் எடுக்கும் உறுதிமொழிப் பத்திரம் பெரும்பாலும் போதுமானது. பெயரே மாறியிருந்தால் அரசிதழில் வெளியிடத்தான் வேண்டும்.

பிறப்புச் சான்றிதழையும் மறக்காமல் பாருங்கள். பெயர் வைப்பதற்கு முன்பே பிறப்பைப் பதிவு செய்துவிட்டு, குழந்தையின் பெயரைப் பிறகு சேர்க்காமலே விட்ட குடும்பங்கள் நம்மிடையே ஏராளம். எங்கள் வீட்டிலேயே இருபத்திரண்டு வயதுப் பெண்ணின் சான்றிதழில் ‘பெண் குழந்தை’ என்று மட்டுமே இருந்ததை, அவள் கிளம்பும் ஆண்டில்தான் கண்டுபிடித்தோம்.

படி 2: ஏ.பி.எஸ். சான்றிதழ்

இந்தியாவில் பெற்ற கல்விச் சான்றுகள் உண்மையானவைதாமா என்று ஆராய்ந்து தரப்படும் இந்தச் சான்றிதழ், 2022 நவம்பர் முதல் மாணவர் விசாவுக்குக் கட்டாயமாக்கப்பட்டுள்ளது. கட்டணம் 18,000 ரூபாய். இதை வழங்கும் அலுவலகம் டெல்லியில் இருந்தாலும் விண்ணப்பத்தைச் சென்னையிலிருந்தே அனுப்பலாம். முதல் படியில் பெயரை ஒழுங்குபடுத்தியவர்களுக்கு இங்கே விளக்கக் கடிதம் எழுதும் வேலை மிச்சமாகும். இது வந்து சேரப் பல வாரங்கள் ஆகலாம் என்பதால், பல்கலைக்கழக விண்ணப்பங்கள் தொடங்கும் முன்பே அனுப்பிவிடுங்கள்.

படி 3: பணம்

மாணவர் தன் செலவைத் தாமே பார்த்துக்கொள்வார் என்பதைக் காட்ட, முடக்கக் கணக்கு எனப்படும் ஒரு வங்கிக் கணக்கில் ஓராண்டுக்கான தொகையை முன்கூட்டியே செலுத்த வேண்டும். 2024 செப்டம்பரில் உயர்த்தப்பட்டபடி அந்தத் தொகை 11,904 யூரோ. நீங்கள் அங்கே போய்ச் சேர்ந்த பின் மாதம் 992 யூரோ வீதம் அது உங்கள் கைக்கு வரும். ஒரே தடவையாக எடுக்க முடியாது.

ரூபாய்க் கணக்கில் இது பத்து லட்சத்தைத் தாண்டிவிடுவதால் ஒரு வரி விவகாரம் குறுக்கே வருகிறது. சொந்தச் சேமிப்பிலிருந்து படிப்புக்காக அனுப்பும் பணம் ஒரு நிதியாண்டில் பத்து லட்சத்தைக் கடந்தால், பத்து லட்சத்துக்கு மேற்பட்ட தொகைக்கு, பணத்தை அனுப்பும்போதே வங்கி வரி வசூலித்துவிடும். வங்கிக் கல்விக் கடனிலிருந்து அனுப்பினால் அந்த வசூல் இல்லை. வசூலித்த வரி அனுப்பியவரின் பான் எண்ணில் பதிவாகும். வருமான வரிக் கணக்கு தாக்கல் செய்யும்போது அதைக் கழித்துக்கொள்ளலாம், மிஞ்சினால் திரும்பவும் பெறலாம். ஆகவே தந்தை அனுப்புவதா, தாய் அனுப்புவதா என்பதை யோசித்து முடிவு செய்யுங்கள்.

வீட்டை ஈடு வைத்துக் கடன் வாங்குவோர் இந்தப் படியை இரண்டாம் படியுடன் சேர்த்தே தொடங்க வேண்டும். வங்கியின் வழக்கறிஞர் தாய்ப்பத்திரம், வில்லங்கச் சான்று, பட்டா, சொத்து வரி ரசீது என ஒவ்வொன்றாகக் கேட்பார். வீடு இன்னும் தாத்தா பெயரில் இருக்கிறது என்பது அப்போதுதான் பல குடும்பங்களுக்கு நினைவு வருகிறது. வாரிசுச் சான்றிதழ் வாங்கி, அத்தை, சித்தப்பா எல்லோரையும் கையெழுத்துப் போட வைப்பதற்குள் ஒரு பருவமே போய்விடும்.

படி 4: விசாவும் காப்பீடும்

சேர்க்கைக் கடிதம் வந்த அன்றே விசாவுக்கான ஏற்பாட்டைத் தொடங்குங்கள். கட்டணம் 75 யூரோ. முப்பது வயதுக்கு உட்பட்ட மாணவர் அங்கே பொது மருத்துவக் காப்பீட்டில் சேரலாம். அது நடைமுறைக்கு வரும் வரையிலான நாட்களுக்குப் பயணக் காப்பீடு தேவை.

படி 5: வங்கியும் கைபேசி எண்ணும்

படிக்கச் செல்பவரையும் அந்நியச் செலாவணி விதிகள் வெளிநாட்டில் வசிப்பவராகவே கருதுகின்றன என்பதால், இங்குள்ள சேமிப்புக் கணக்கை, வெளிநாட்டில் வசிப்போர் இந்தியாவில் வைத்திருக்கும் என்.ஆர்.ஓ. கணக்காக மாற்றும்படி வங்கியில் எழுதிக் கொடுக்க வேண்டும். இந்திய சிம்மை நிறுத்திவிடாதீர்கள். வங்கியின் ஓ.டி.பி. அந்த எண்ணுக்குத்தான் வரும்; குறைந்தபட்ச ரீசார்ஜைப் பெற்றோர் இங்கிருந்தே செய்துவரலாம்.

படி 6: பெட்டி

குளிர்காலக் கோட்டு இங்கே வாங்க வேண்டாம், தி.நகரில் கிடைப்பது ஊட்டிக்குத்தான் போதும். மாறாக, ஒரு ஜோடி மாற்று மூக்குக் கண்ணாடி, பல் மருத்துவரிடம் ஒருமுறை காட்டி முடித்த சிகிச்சை, வழக்கமான மருந்துகளுக்கான மருத்துவர் சீட்டு ஆகியவற்றுக்கு இங்கே செலவழிப்பது லாபம். உருண்டைக் கம்பி இரண்டு கொண்ட ஜெர்மானிய பிளக்குக்கான அடாப்டர் ரிச்சி தெருவில் கிடைக்கும்.

அம்மாக்களிடம் முன்பே சொல்லிவிட வேண்டிய செய்தி ஒன்று உண்டு. ஐரோப்பிய ஒன்றியத்துக்கு வெளியிலிருந்து வரும் பயணிகள் பால் பொருட்களையும் இறைச்சியையும் கொண்டுவர அனுமதி இல்லை; ஆகவே நெய்யும் பால்கோவாவும் கூடாது. பச்சைக் கறிவேப்பிலைக்கும் தாவர நலச் சான்று கேட்பார்கள்; பொடியாக்கி எடுத்துச் செல்லலாம். பவர் பேங்க் கைப்பையில்தான் இருக்க வேண்டும். அசல் சான்றிதழ்களும் அப்படியே. அவற்றைப் பெட்டிக்குள் வைத்துச் சரக்கில் போட்டுவிடாதீர்கள்.

படி 7: போய்ச் சேர்ந்த முதல் இரு வாரங்கள்

வீட்டுக்குக் குடிபோன இரண்டு வாரத்துக்குள் நகராட்சி அலுவலகத்தில் முகவரியைப் பதிய வேண்டும். அதற்கு வீட்டு உரிமையாளர் கையெழுத்திட்ட உறுதிக் கடிதம் அவசியம் என்பதால், அறையை உறுதி செய்யும்போதே அந்தக் கடிதம் தருவாரா என்று சென்னையிலிருந்தே கேட்டுவிடுங்கள். பதிந்த பிறகு வரி எண், வங்கி அட்டை, காப்பீட்டு அட்டை எல்லாம் அஞ்சலில் வரும். அங்கே அடுக்குமாடி வீடுகளுக்குப் பெரும்பாலும் கதவு எண் கிடையாது. அஞ்சல்காரர் பெட்டியின் மேல் ஒட்டியுள்ள பெயரைப் பார்த்துத்தான் கடிதத்தைப் போடுவார். பாஸ்போர்ட்டில் உள்ளபடியே உங்கள் பெயரை எழுதி அன்றைக்கே ஒட்டிவிடுங்கள்.