பீல், லேசர் பண்ணிட்டு மலைல இருக்கறவங்களுக்கு
ஊட்டி, குன்னூர்ல இருந்து கோவைக்கு இறங்கி முகத்துக்கு கெமிக்கல் பீல் (மருந்து தடவி மேல்தோல உரிய வைக்கறது), லேசர் பண்ணிட்டு வர்றவங்க, மேகமாத்தானே இருக்குன்னு சன்ஸ்கிரீன விட்றாதீங்க. 1000 மீட்டர் ஏறினா யூவி (வெயில்ல இருக்கற புற ஊதாக் கதிர்) சுமார் 10 சதவீதம் கூடும், ஊட்டி இருக்கறது 2240 மீட்டர்ல, பனிமூட்டத்துலயும் யூவி உள்ள வந்துரும், நம்ம மாநிறத் தோலுக்கு பீல் பண்ண இடத்துல வெயில் பட்டா சட்டுனு கருத்துப் போயிடும், அது மறைய மாசக்கணக்காகும். தோல் ஆறினதும் டாக்டர் சொன்ன நாள்ல இருந்து எஸ்பிஎஃப் (வெயில தடுக்கற அளவு) 30 இல்ல அதுக்கு மேல இருக்கற சன்ஸ்கிரீன, வெளிய இருந்தா ரெண்டு மணி நேரத்துக்கு ஒருதடவ போடுங்க, தொப்பியும் வேணும். இங்க குளிர்காத்துக்கு மூக்கோரம் செதில் செதிலா உரியும், பிச்சு எடுக்கவே கூடாது, தழும்பாயிடும், வாசனை இல்லாத மாய்ச்சரைசர் தடவுங்க போதும். ரெட்டினால் கிரீம் போடறவங்க, உதட்டோரம் அடிக்கடி கொப்புளம் வர்றவங்க பீல், லேசர் பண்றதுக்கு முன்னாடியே டாக்டர்கிட்ட சொல்லிடுங்க ப்ளீஸ்.