ஃபங்க் குரூவ் வாசிப்பது எப்படி: முதல் அடியிலிருந்து தொடங்குங்கள்

தாளத்தை முன்னிறுத்தும் அமெரிக்க இசையான ஃபங்க்கையும், அதில் திரும்பத் திரும்ப வரும் தாள ஓட்டமான குரூவையும் கற்றுக்கொள்ள வருகிறவர்கள் பலரும் நேராக பேஸ் கிட்டாரில் ஸ்லாப் (கம்பியைக் கட்டைவிரலால் குத்தியும் இழுத்துவிட்டும் வாசிப்பது) அடிக்கத்தான் போகிறார்கள். அதைக் கொஞ்சம் தள்ளிவையுங்கள், முதலில் தாளம் கைக்கு வரட்டும்.

மெட்ரோனோமை (தாளம் தட்டும் கருவி) நிமிடத்துக்கு 100 அடியில் வைத்து நான்கு அடி எண்ணுங்கள், ஒவ்வொரு அடிக்குள்ளும் "தகதிமி" என்று சொல்லிக்கொள்ளுங்கள், ஆக மொத்தம் 16 இடம். இதில் எல்லோரும் ஒன்றாக அழுத்தமாக விழ வேண்டியது முதல் "த"வில்தான். 1960-களில் ஃபங்க் பாடகர் ஜேம்ஸ் பிரவுன் தன் குழுவை இப்படித்தான் வாசிக்க வைத்தார், இதற்கு அவர்கள் வைத்த பெயர் 'தி ஒன்'. ஸ்நேர் (டிரம்ஸில் 'டக்' என்று ஒலிக்கும் டிரம்) வழக்கம்போல 2, 4-ஆம் அடிகளில் விழும், ஆனால் பாட்டு சாய்ந்து நிற்பது முதல் அடியின் மேல்.

டிரம்ஸ் வாசிப்பவர் கவனிக்க வேண்டியது கோஸ்ட் நோட். பெரிய ஸ்நேர் அடிகளுக்கு நடுவே குச்சியைத் தோலுக்கு மிக அருகிலேயே வைத்துக்கொண்டு காதில் விழுந்தும் விழாமலும் தட்டுவது. ஜேம்ஸ் பிரவுனின் டிரம்மர் கிளைட் ஸ்டபில்ஃபீல்ட் வாசித்ததைக் கேளுங்கள், அந்தச் சின்னத் தட்டல்கள் இல்லையென்றால் அது வெறும் ராக் பீட்டாகிவிடும்.

அப்புறம் கிட்டார். ஈ9 கார்டு ஒன்றே போதும்: ஐந்தாவது கம்பியில் 7-ஆம் ஃப்ரெட், நான்காவதில் 6, 3, 2, 1-ஆம் கம்பிகளில் 7. வலது கை 16 இடத்திலும் நிற்காமல் மேலும் கீழும் போய்க்கொண்டே இருக்கட்டும், இடது கை மட்டும் வேண்டிய இரண்டு மூன்று இடத்தில் அழுத்திவிட்டு உடனே தளர வேண்டும். ஆனால் விரலைக் கம்பியிலிருந்து எடுத்துவிடாதீர்கள், எடுத்தால் கம்பி திறந்து ஒலித்து எல்லாம் குழம்பிவிடும். அந்த வறட்டு "சிக்-சிக்" சத்தம்தான் வேண்டும். ஜேம்ஸ் பிரவுனின் கிட்டார் கலைஞர் ஜிம்மி நோலன் இதில் மன்னன்!

இப்போது பேஸ். முதல் அடியில் ஈ, பிறகு துணிந்து இடைவெளி விடுங்கள், அடுத்த சுற்றின் முதல் அடி வருவதற்குச் சற்று முன்னால் இரண்டு மூன்று சுரம், அவ்வளவுதான். ஸ்லாப் இதற்குப் பிறகு வந்தால் போதும். பேஸ் கலைஞர் லாரி கிரஹாம் தன் அம்மாவோடு கிளப்பில் வாசித்தபோது டிரம்மர் இல்லாமல் போனதால், கட்டைவிரலால் குத்தி கிக் டிரம் (காலால் மிதித்து அடிப்பது) சத்தத்தையும், கம்பியை இழுத்துவிட்டு ஸ்நேர் சத்தத்தையும் ஈடுகட்டினார், ஸ்லாப் அப்படித்தான் உருவானது. அதனால் ஸ்லாப் வாசிக்கும்போது டிரம்மையே மனதில் வைத்து வாசியுங்கள்.

கீபோர்டில் கிளாவினெட் (கிட்டார் போல வெட்டி ஒலிக்கும் மின் கீபோர்டு) டோன் எடுங்கள், 1972-இல் ஸ்டீவி வொண்டர் 'சூப்பர்ஸ்டிஷன்' பாட்டில் வாசித்தது அதுதான். சாக்ஸபோன், டிராம்போன் கிடைத்தால் நீளமாக ஊத விடாதீர்கள், இரண்டு சுரம் வெட்டி நிறுத்தினால் போதும்.

எல்லாம் சேர்ந்ததும் கார்டை மாற்றாமல் அதே இரண்டு பாரை (நான்கு அடி கொண்ட ஒரு சுற்று ஒரு பார்) பத்து நிமிடம் வாசித்து ஃபோனில் பதிவுசெய்யுங்கள். திரும்பக் கேட்கும்போது குரூவ் நெரிசலாகத் தெரிந்தால், ஆளுக்கு ஒரு சுரத்தைக் குறைத்துவிட்டு மறுபடி வாசியுங்கள்.