தலையளவிலிருந்து ஒரு உல்லன் குல்லா: குரோஷா செய்முறை

காரைக்குடியில் மார்கழி விடியற்காலையை விட்டால் உல்லன் குல்லாவுக்கு வேலையே கிடையாது. நான் பின்னியது டொராண்டோவில் இருக்கும் என் ஆச்சி (அக்கா) மகளின் பையனுக்காக. போன நவம்பரில் அவனுக்கு ஒரு வயது. முதல் குல்லாவைப் பார்சலில் அனுப்பியதும் அவள் வீடியோவில் காட்டினாள்: "சின்னாத்தா, தலைக்குள்ளயே போக மாட்டேங்குது." உச்சிப் பாகம் சரியாகத்தான் இருந்தது, வாய்ப்பக்கம் மட்டும் குறுகியிருந்தது. இரண்டாவதையும் பாதியில் பிரித்தேன். காரணம் பிடிபட்டபின் பின்னிய மூன்றாவது, பையன் தலையில் அழகாக உட்கார்ந்தது. அந்த மூன்றாவதன் செய்முறைதான் இது.

ஊசி பிடிப்பது, முடிச்சுப் போடுவது, செயின் போடுவது இதெல்லாம் உங்களுக்குத் தெரியும் என்று வைத்துக்கொண்டு எழுதுகிறேன்.

முதலில் சாமான். எங்கள் பக்கத்து வீடுகளில் அப்பத்தா காலத்துக் குரோஷா ஊசி ஒன்றிரண்டு கட்டாயம் இருக்கும். கொட்டான் (ஓலைக் கூடை) விளிம்புக்கு லேஸ் பின்னிய மெல்லிய எஃகு ஊசிகள். அவற்றைப் பத்திரமாக எடுத்து வையுங்கள், ஆனால் உல்லனுக்கு ஆகாது. 5 மி.மீ. அலுமினிய ஊசி வாங்குங்கள். நான் பயன்படுத்துவது போனி கம்பெனி ஊசி. பிளாஸ்டிக் ஊசி வேண்டாம், நம்மூர் வெயிலில் கை வியர்த்தால் நூல் அதில் ஒட்டி இழுக்கும். கடைசி இரண்டு சுற்றுக்கு 4.5 மி.மீ. ஊசி ஒன்று. இவை போக டேப், கத்தரி, பெரிய கண் உள்ள ஊசி, இரண்டு ஊக்கு.

நூல் நடுத்தரக் கனமுள்ள அக்ரிலிக், அதாவது செயற்கை உல்லன். குழந்தைக் குல்லாவுக்கு 50 கிராம் போதும், 100 கிராம் உருண்டை வாங்கினால் மிச்சமே இருக்கும். கம்பளி நூல் வெந்நீரில் பட்டால் சுருங்கிக் கெட்டியாகிவிடும், கைக்குழந்தை வைத்திருப்பவளுக்கு அதைப் பார்த்துப் பார்த்துத் துவைக்க நேரம் ஏது? முதல் குல்லாவுக்குக் கறுப்பு நூல் எடுக்காதீர்கள். தையல் கண்ணுக்கே தெரியாது. நான் எடுத்தது கண்டாங்கிச் சேலையின் அரக்கு, ஓரத்துக்குக் கடுகு மஞ்சள்.

அடுத்து அளவு. கொட்டான் முடைகிறவர்களைப் பார்த்திருப்பீர்கள். முதலில் அடிப்பாகத்தைத் தட்டையாக முடைவார்கள், வேண்டிய அகலம் வந்ததும் ஓலையை நிமிர்த்திப் பக்கங்களை ஏற்றுவார்கள். குல்லாவும் கவிழ்த்து வைத்த கொட்டான்தான். உச்சியில் பின்னும் வட்டம் எவ்வளவு அகலமோ, அதுதான் குல்லாவின் அளவு. அதனால் எத்தனை சுற்று என்று கேட்பதற்கு முன், தலையை அளக்க வேண்டும். புருவத்துக்கு மேலே டேப்பைச் சுற்றி எடுங்கள். பையனுக்கு 18 அங்குலம். குல்லா கொஞ்சம் இழுத்துப் பிடித்தால்தான் நிற்கும் என்பதால் 1 அங்குலம் கழித்தேன். 17-ஐ 3.14-ஆல் வகுத்தால் சுமார் 5.4. அதாவது வட்டத்தின் குறுக்களவு ஏறக்குறைய ஐந்தரை அங்குலம்.

தையல் முழுக்க ஹாஃப் டபுள் குரோஷே. அதைவிடக் குட்டையான சிங்கிளில் பின்னினால் குல்லா விறைப்பாக இருக்கும், உயரமான டபுளில் பின்னினால் சந்து வழியே காற்று நுழையும். ஊசியில் நூலை ஒருமுறை சுற்றி, தையலுக்குள் விட்டு நூலை இழுத்தால் ஊசியில் 3 கண்ணி இருக்கும். மறுபடி நூலைச் சுற்றி மூன்றுக்குள்ளும் ஒரே இழுப்பாக இழுங்கள்.

மேஜிக் ரிங் (வாலை இழுத்தால் மூடிக்கொள்ளும் நூல் வளையம்) போட்டு, 2 செயின் ஏறி, வளையத்துக்குள் 10 தையல். வாலை இழுத்து ஓட்டையை மூடி, ஸ்லிப் ஸ்டிட்ச்சால் (முதல் தையலுக்குள் ஊசியை விட்டு இழுத்த நூலை அப்படியே ஊசியில் இருக்கும் கண்ணிக்குள்ளும் இழுத்து) சேருங்கள். மேஜிக் ரிங் கைவரவில்லை என்றால் 4 செயினை வளையமாகச் சேர்த்தும் தொடங்கலாம், உச்சியில் சின்ன ஓட்டை தெரியும், அவ்வளவுதான்.

இரண்டாவது சுற்றில் ஒவ்வொரு தையலிலும் இரண்டு, மொத்தம் 20. மூன்றாவதில் ஒன்றில் ஒற்றை, அடுத்ததில் இரட்டை என்று மாறி மாறிப் போட்டால் 30. நான்காவதில் இரண்டு ஒற்றைக்குப் பின் ஓர் இரட்டை, 40. ஐந்தாவதில் மூன்று ஒற்றைக்குப் பின் ஓர் இரட்டை, 50. ஆறாவதில் நான்கு ஒற்றைக்குப் பின் ஓர் இரட்டை, 60. இப்போது வட்டத்தைத் தரையில் விரித்து டேப் வையுங்கள். எனக்கு ஐந்தரைக்குச் சற்றுக் குறைவாக வந்தது. நூல் இளகும் என்பதால் அது போதும்.

இனி நேர்ச் சுற்று. கூட்டாமல், ஒரு தையலுக்கு ஒன்று. கேட்க எளிதாக இருக்கிறது, ஆனால் என் முதல் குல்லா கெட்டது இங்கேதான். அதனால் இதை நிதானமாகச் சொல்கிறேன்.

அப்பத்தா எனக்குச் சொல்லிக் கொடுத்த லேஸில், சுற்றின் தொடக்கத்தில் ஏறும் 3 செயினே முதல் தையலாகக் கணக்கு. அதனால் அடுத்த தையலிலிருந்துதான் பின்ன ஆரம்பிப்போம். இந்தக் குல்லாவில் ஏறும் 2 செயின் கணக்கிலேயே வராது. என் கையோ பழைய பழக்கத்தில் அடுத்த தையலுக்குப் போய்விட்டது. சுற்று முடிவில் செயினை விட்டுவிட்டு முதல் நிஜத் தையலில் சேர்த்தேன். ஆக, சுற்றுக்கு ஒரு தையல் காணாமல் போனது. கூட்டும் சுற்றுகளில் எண்ணிக்கொண்டே வந்ததால் அப்போதைக்கப்போது சரிசெய்துகொண்டேன். நேர்ச் சுற்றில் எண்ணவில்லை. 11 சுற்றில் 60 தையல் 49 ஆனது. அங்குலத்துக்கு மூன்றரைத் தையல் என்றால், 17 அங்குலம் இருக்க வேண்டிய வாய் 14-க்கு வந்துவிட்டது. 18 அங்குலத் தலை அதற்குள் எப்படி நுழையும்?

சரி, இதற்கு என்ன வழி? 2 செயின் ஏறியதும், அந்தச் செயின் எந்தத் தையலிலிருந்து கிளம்புகிறதோ அதே தையலில் முதல் ஹாஃப் டபுளைப் போடுங்கள். போட்ட உடனே அதன் தலையில் ஓர் ஊக்கை மாட்டுங்கள். சுற்று முடிந்ததும் ஸ்லிப் ஸ்டிட்ச் அந்த ஊக்கு இருக்கும் இடத்தில்தான். இதற்கு நேரெதிரான தவறும் உண்டு. முந்தைய சுற்றைச் சேர்த்த ஸ்லிப் ஸ்டிட்ச் சின்ன முடிச்சுப் போலத் துருத்திக்கொண்டு, கடைசியில் இன்னொரு தையல் பாக்கி இருக்கிறது என்று நினைக்க வைக்கும். அதில் பின்னினால் சுற்றுக்கு ஒன்று கூடி, வாய் அகன்றுவிடும். ஊக்குக்கு முன்னால் 60 வந்துவிட்டதா, நிறுத்துங்கள். நான் மூன்றாவது குல்லாவை விடியற்காலையில், வளவில் (வீட்டு முற்றத்தில்) யாரும் எழுந்து வருவதற்கு முன் உட்கார்ந்து, சுற்றுக்குச் சுற்று வாய்விட்டு எண்ணிப் பின்னினேன்.

உச்சி நடுவிலிருந்து ஓரம் வரை ஆறரை அங்குலம் வரும்வரை நேராகப் போங்கள், எனக்கு 10 அல்லது 11 சுற்று ஆகும். பிறகு 4.5 மி.மீ. ஊசிக்கு மாறி, மஞ்சள் நூலில் இரண்டு சுற்று சிங்கிள். மொத்த உயரம் 7 அங்குலம், காது மூடும். நிறம் மாற்றும்போது அரக்குச் சுற்றைச் சேர்க்கும் ஸ்லிப் ஸ்டிட்ச்சையே மஞ்சள் நூலால் இழுத்துவிட்டால் மாறிய இடம் தெரியாது. நூல் முனைகளைப் பெரிய ஊசியில் கோத்து உள்பக்கமாக ஒரு திசையில் ஓட்டி, திரும்பி எதிர்த் திசையிலும் ஓட்டுங்கள். உச்சியின் வாலை அப்படிச் செய்யாவிட்டால் நாலு தடவை துவைத்ததும் ஓட்டை திறந்துகொள்ளும்.

குழந்தைக் குல்லாவில் மணி, பொத்தான் எதுவும் தைக்க வேண்டாம், பிய்ந்து வாய்க்குள் போய்விடும். தூங்கும்போது குல்லாவைக் கழற்றிவிடச் சொல்லுங்கள், உடம்பு சூடேறிவிடும்.

பின்சேர்க்கை 1: தேவகோட்டையிலிருந்து ஒரு ஆச்சி, தன் வட்டம் கிண்ணம் போலக் குவிகிறது என்று எழுதியிருந்தார். கை இறுக்கம்தான் காரணம், 5.5 மி.மீ. ஊசிக்கு மாறியதும் சரியாகிவிட்டதாம். ஓரம் அலை அலையாக நெளிந்தால் தையல் அதிகம் என்று பொருள். எண்ணிப் பார்த்து, கூடியிருந்தால் அந்தச் சுற்றைப் பிரித்துவிடுங்கள்.

பின்சேர்க்கை 2: பழைய பேட்டர்ன் புத்தகத்தோடு ஒப்பிட்டவர்களுக்குக் குழப்பம் வந்திருக்கிறது. நான் எழுதியிருப்பது அமெரிக்கப் பெயர்கள். பிரிட்டிஷ் முறையில் இந்தச் சிங்கிளுக்குப் பெயர் டபுள், ஹாஃப் டபுளுக்குப் பெயர் ஹாஃப் ட்ரெபிள். பேட்டர்னில் சிங்கிள் குரோஷே என்ற சொல் இருந்தால் அது பெரும்பாலும் அமெரிக்க முறை, இன்றைய பிரிட்டிஷ் முறையில் அந்தப் பெயர் கிடையாது.

பின்சேர்க்கை 3: பெரியவர்களுக்குக் கேட்டவர்களுக்காக. 22 அங்குலத் தலைக்கு 2 அங்குலம் கழித்து 20, வகுத்தால் 6.4. ஏழாவது சுற்றையும் கூட்டி 70 தையலாக்குங்கள். உயரம் எட்டரை அங்குலம். நூல் 100 கிராம் வரை ஆகும்.

பின்சேர்க்கை 4: குல்லாவை இஸ்திரி போடலாமா என்று கேட்டிருந்தார்கள். போடக் கூடாது. அக்ரிலிக் சூட்டில் இளகித் துவண்டுவிடும், பிறகு பழைய நிலைக்கு வராது. நான் பிரித்த இரண்டாவது குல்லாவின் நூலை நேராக்கப் பார்த்து ஒரு முழம் கெடுத்தேன். ஈரத் துணியில் சுற்றி வைத்து, நிழலில் விரித்துக் காயப்போட்டால் போதும்.