நீரிழிவு ஆராய்ச்சிக்கு முன்னுரிமை கேட்கும் தோட்டப்புற ஊர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஊட்டச்சத்து, உடற்பருமன், நீரிழிவு ஆகிய மூன்றிலும் மலேசியா எதை முதலில் ஆராய வேண்டும் என்ற பட்டியல், சுகாதார அமைச்சு இருக்கும் புத்ராஜெயாவிலும் அதன் ஆராய்ச்சிக் கழகங்கள் இருக்கும் ஷா ஆலாமிலும் உருவாகிறது. 13ஆவது மலேசியத் திட்டம் 2026 முதல் 2030 வரை. இப்படிப்பட்ட ஐந்தாண்டுக் கணக்கில்தான் பணமும் ஆளும் ஒதுக்கப்படுகின்றன. சுங்கை சிப்புட், பீடோர், பெஸ்தாரி ஜெயா போன்ற தோட்டப்புற ஊர்களிலிருந்து அந்தப் பட்டியலுக்குக் கருத்து அனுப்புபவர்கள் இன்று கொஞ்சம் கொஞ்சமாகக் கூடி வருகிறார்கள்: கிளினிக் ஊழியர்கள், தமிழ்ப்பள்ளி ஆசிரியர்கள், கோயில் நிர்வாகத்தினர், பல்கலைக்கழக மாணவர்கள். அவர்கள் எழுதும் பரிந்துரைகள் பெரும்பாலும் ஒரே இடத்தில் சறுக்குகின்றன. பதில் கிடைத்ததும் அதை வைத்து யார் என்ன செய்வார்கள் என்பது அவற்றில் இருப்பதில்லை. கீழே சொல்லும் தவறுகளில் பாதிக்கு மேல் அந்த ஒரு குறையிலிருந்து கிளைத்தவை.

தலைப்பை எழுதிவிட்டு அதைக் கேள்வி என்று நினைப்பது

"தோட்டப்புற இந்தியர்களின் உணவுப் பழக்கமும் நீரிழிவும்." இது பட்டப்படிப்புக் கட்டுரைக்குத் தலைப்பாகும். ஆராய்ச்சிக் கேள்விகளுக்கு மதிப்பெண் போட்டு வரிசைப்படுத்தும் முன்னுரிமைக் கூட்டத்தில் இதற்கு மதிப்பெண் போட முடியாது, ஏனென்றால் இதற்குப் பதில் என்று ஒன்று இல்லை. கேள்விக்கு ஐந்து உறுப்புகள் வேண்டும்: யாரிடம், என்ன செய்து, எதோடு ஒப்பிட்டு, எதை அளந்து, எத்தனை காலத்தில்.

அதையே இப்படி எழுதிப் பாருங்கள்: "சுங்கை சிப்புட் வட்டாரத்தில் விடியுமுன் வேலைக்குப் போகிற, 30 முதல் 59 வயதுவரை உள்ள, நீரிழிவு இன்னும் வராமல் எல்லையில் நிற்கிறவர்களுக்கு, கிளினிக்கில் பகலில் தரும் வழக்கமான ஆலோசனையைவிட, இரவு 7.30 மணிக்குக் கோயில் மண்டபத்தில் தமிழில் நடத்தும் 12 வார வகுப்பு, ஓராண்டு முடிவில் உடல் எடையில் 5 சதவீதத்தைக் கூடுதலான பேருக்குக் குறைக்கிறதா?" வாக்கியம் நீளம்தான், இருக்கட்டும். இதற்குப் பதில் 'ஆம்' என்றால் மாவட்டச் சுகாதார அலுவலகம் ஊட்டச்சத்து அதிகாரியின் வேலை நேரத்தை மாற்றலாம். 'இல்லை' என்றால் அந்தப் பணத்தை வேறெதற்காவது கொடுக்கலாம். இரண்டு பதிலுக்கும் செய்வதற்கு வேலை உண்டு.

இன்னொன்றையும் கவனியுங்கள். "நடைப்பயிற்சியும் உணவுக் கட்டுப்பாடும் நீரிழிவைத் தடுக்குமா?" என்று யாரும் இனிமேல் கேட்க வேண்டியதில்லை. சென்னையில் நடந்து 2006இல் வெளியான இந்திய நீரிழிவுத் தடுப்பு ஆய்வு, எல்லையில் நின்ற 531 பேரை எடுத்து ஏறத்தாழ மூன்றாண்டு கவனித்தது. மருந்து இல்லாமல், வாழ்க்கைமுறை மாற்றத்தால் மட்டும் நோய் வரும் வாய்ப்பு 28.5 சதவீதம் குறைந்தது. அமெரிக்காவில் நடந்த இதுபோன்ற ஆய்வில் அது 58 சதவீதம். தடுக்கலாம் என்பது தெரிந்த விஷயம். காலை 5.30க்குத் தோட்டத்தில் ஆள் எண்ணும் பெரட்டுக் களத்தில் நிற்கிறவருக்கும், இரண்டு ஷிப்ட் மாறி மாறிப் பார்க்கும் தொழிற்சாலைப் பெண்ணுக்கும் அதை எப்படிக் கொண்டுபோய்ச் சேர்ப்பது என்பதுதான் தெரியாதது. முன்னுரிமை அந்தக் கேள்விக்குக் கிடைக்க வேண்டும்.

எண்ணை எடுத்து வீசுவது

2019ஆம் ஆண்டு தேசிய சுகாதார, நோய்நிலை ஆய்வில் 18 வயதுக்கு மேற்பட்டோரில் 18.3 சதவீதத்தினருக்கு நீரிழிவு. அதில் இந்தியர்களிடையே 31.4, மலாய்க்காரர்களிடையே 22.0, சீனர்களிடையே 15.1. இந்த மூன்று எண்களை எழுதிவிட்டு, "ஆகவே எங்கள் ஊரில் ஆய்வு தேவை" என்று முடிக்கும் பரிந்துரைகள் ஏராளம். நோய் அதிகம் என்பதால் ஆய்வு தேவை என்று ஆகிவிடாது. சிகிச்சை தேவை, மருந்து தேவை, ஆள் தேவை என்றும் அதே எண்ணிலிருந்து சொல்லலாம். எந்தத் தகவல் இல்லாததால் எந்த வேலை நின்றுபோயிருக்கிறது என்று காட்டினால்தான் அது ஆராய்ச்சிக்கான வாதம்.

எண்களை ஆண்டுக்கு ஆண்டு ஒப்பிடும்போது நேரும் பிழை இதைவிட மோசமானது. 2011இல் 15.2, 2015இல் 17.5, 2019இல் 18.3 என்று வரிசையாக எழுதி, "மெதுவாகத்தான் ஏறுகிறது" என்கிறார்கள். முதல் இரண்டு எண்களும் வெறும் வயிற்றில் விரல் ரத்தச் சர்க்கரை லிட்டருக்கு 6.1 மில்லிமோலைத் தொட்டாலே நீரிழிவு என்று எண்ணியவை. 2019இல் எல்லைக்கோடு 7.0. பழைய ஆண்டுகளையும் 7.0 வைத்து மறுபடி கணக்கிட்டால் வரிசை 11.2, 13.4, 18.3 என்று ஆகிறது. எட்டு ஆண்டில் மூன்று புள்ளி ஏறியதா, ஏழு புள்ளி ஏறியதா என்பது கொள்கை எழுதுகிறவருக்குப் பெரிய வித்தியாசம்.

2023 ஆய்வில் நீரிழிவு 15.6 என்று இறங்கியிருக்கிறது. அதே காலத்தில் அதிக எடையும் பருமனும் உள்ளவர்கள் 50.1இலிருந்து 54.4 சதவீதமாக ஏறியிருக்கிறார்கள். எடை ஏற ஏற நோய் இறங்குமா? அளவீடு, மாதிரி, பிழை வரம்பு, சிகிச்சை என்று எங்கே காரணம் இருக்கிறது என்பதே நல்ல ஆய்வுக் கேள்வி. இறக்கத்தைப் பார்த்து மகிழ்ந்துவிட்டு நகர்வதும், எண்ணே பொய் என்று தள்ளுவதும் இரண்டுமே அவசரம்.

தேசிய எண் ஊருக்குப் பொருந்தாது என்பதையும் கணக்காகக் காட்டுங்கள். எடுத்துக்காட்டாக, ஓர் ஆய்வில் 700 இந்தியர்கள் இருந்தால் 31.4 என்ற எண்ணுக்கு இருபக்கமும் சுமார் 3.4 புள்ளி தடுமாற்றம் உண்டு. அவர்களில் ஒரு மாநிலத்தில் 50 பேர்தான் என்றால் தடுமாற்றம் 13 புள்ளி. 18 முதல் 44 வரை எதுவும் உண்மையாக இருக்கலாம். மாவட்ட அளவில் 30 சதவீதம் எதிர்பார்க்கும் இடத்தில் 5 புள்ளித் துல்லியம் வேண்டுமானால் 323 பேர் போதும் என்று மாதிரி அளவுக்கான சூத்திரம் சொல்லும். வீட்டுக் கூட்டங்களாகத் தேர்ந்தெடுப்பதால் அதை 1.5ஆல் பெருக்குங்கள், 485. ஐந்தில் ஒருவர் கதவைத் திறக்கமாட்டார், ஆகவே 607 பேரின் பெயரோடு இறங்க வேண்டும். பட்ஜெட்டை இந்த எண்ணிலிருந்து தொடங்குங்கள்.

'தோட்டத்து மக்கள்' இன்னும் தோட்டத்தில்தான் இருக்கிறார்கள் என்று நினைப்பது

பால்மரம் போய்ச் செம்பனை வந்து, பல தோட்டங்கள் துண்டாடப்பட்டு வீடமைப்புப் பகுதிகளாகிவிட்டன. தோட்டத்து வரிசை வீடுகளான லயத்தில் பிறந்தவர்களின் பிள்ளைகள் இன்று ஊர் ஓரத்து மலிவு விலை அடுக்குமாடிகளில், பாதுகாவலர், லாரி ஓட்டுநர், தொழிற்சாலை வேலைகளில் இருக்கிறார்கள். தோட்ட லயங்களில் வங்காளதேசத் தொழிலாளர்களும் இந்தோனேசியத் தொழிலாளர்களும் நிறையப் பேர். தோட்ட நிர்வாகத்திடம் பெயர்ப் பட்டியல் வாங்கி மாதிரி எடுத்தால் தேடிய ஆட்கள் அதில் இருக்கமாட்டார்கள். அடுக்குமாடிக் குடியிருப்பைத் தனிப் பிரிவாக எடுத்து, 'பிறந்தபோது குடும்பம் தோட்டத்தில் இருந்ததா' என்ற கேள்வியைப் படிவத்தில் சேருங்கள். கருவிலும் குழந்தைப் பருவத்திலும் போதிய ஊட்டம் இல்லாமல் வளர்ந்து, நடுவயதில் மலிவான கலோரி கிடைக்கும் உடம்புக்கு நீரிழிவு சீக்கிரம் வருகிறது என்பதற்குப் புனேயிலிருந்து நல்ல சான்றுகள் உண்டு. மலேசியாவில் அந்தக் கேள்வியைக் கேட்க இந்தத் தலைமுறை உயிரோடிருக்கும்போதே முடியும்.

'இந்தியர்' என்ற ஒரே சொல்லைக் காரணமாக எழுதுவதும் வேண்டாம். இனம் ஒரு பெட்டி. அதற்குள் சம்பளம், வேலை நேரம், கிளினிக்குக்கான தூரம், பேருந்து வசதி எல்லாம் மறைந்துவிடும். மாற்றக்கூடியவை அவைதான்.

சாப்பாட்டை அளக்கும்போது நாளையும் கரண்டியையும் மறப்பது

நேற்று என்ன சாப்பிட்டீர்கள் என்று கேட்கும் 24 மணி நேர நினைவு முறை பயனுள்ளது, ஆனால் நம் வீடுகளில் நேற்று எந்தக் கிழமை என்பது பாதிப் பதிலைத் தீர்மானித்துவிடும். செவ்வாயும் வெள்ளியும் பல வீடுகளில் சைவம். ஞாயிறு ஆட்டிறைச்சி அல்லது கோழி. புரட்டாசியிலும் தைப்பூச விரத நாட்களிலும் மாதமே வேறு. சம்பளம் வந்த வாரத்து மளிகையும் மாதக் கடைசி மளிகையும் ஒன்றில்லை. புதன்கிழமை மட்டும் இறங்கிப் போன குழு 'இறைச்சி குறைவு' என்று எழுதினால் அது செவ்வாய்க்கிழமையைப் பற்றிய கண்டுபிடிப்பு. ஒருவரிடம் குறைந்தது இரண்டு நாள், அதில் ஒன்று வார இறுதி, மாதத்தின் இரு பாதிகளிலும் பிரித்துக் கேளுங்கள்.

அடுத்தது அளவு. 'இரண்டு கரண்டி' என்பார்கள். எந்தக் கரண்டி? டின் பால் (இனிப்பூட்டிய கெட்டிப் பால்) ஒரு மேசைக்கரண்டி ஏறத்தாழ 20 கிராம், அதில் பாதிக்குச் சற்று மேல் சீனி. ஒட்டுக்கடையில் ஆற்றித் தரும் பால் தேநீரான தே தாரிக்கில் பாலைக் கரண்டியால் அளப்பதே இல்லை, டின்னைக் கவிழ்த்து ஊற்றுகிறார்கள். ஆகவே கடைக்காரரிடம் அனுமதி கேட்டு, சமையலறைத் தராசில் டின்னை ஊற்றுமுன் ஒரு தடவை, ஊற்றியபின் ஒரு தடவை வைத்து, பத்துக் குவளைக்குச் சராசரி எடுங்கள். ஊரில் ஐந்து கடையில் இதைச் செய்தால் அந்த ஊருக்கென்று ஓர் அளவு கிடைத்துவிடும். புத்தகத்து அளவைப் போட்டுக் கணக்கிடுவதைவிட எவ்வளவோ மேல். 2019 ஜூலை முதல் தேதி வந்த சீனிப் பான வரி லிட்டருக்கு 40 சென் என்று தொடங்கியது. புட்டியிலும் டின்னிலும் அடைத்து விற்கும் பானத்துக்கு உரியது அது. கடையில் கலக்கும் தேநீரை அது தொடவில்லை. தோட்டப்புற ஊரில் சீனி எந்த வழியாக வருகிறது என்ற அளவு இல்லாமல், அந்த வரியால் இங்கே என்ன பயன் என்று யாராலும் சொல்ல முடியாது.

கேட்கிற ஆளும் முக்கியம். மாமியார் பக்கத்தில் இருக்கும்போது மருமகள், ஆண்கள் சாப்பிட்ட பிறகு தான் என்ன சாப்பிட்டாள் என்பதைச் சொல்லமாட்டாள். பெண்ணைப் பெண்ணே, தனியாக, தமிழில் கேட்க வேண்டும்.

ரத்தப் பரிசோதனையில் இரண்டு கண்ணிகள்

வெறும் வயிற்றுப் பரிசோதனைக்கு எட்டு மணி நேரம் எதுவும் சாப்பிட்டிருக்கக் கூடாது. காலை 10 மணிக்குக் குழு வந்தால், 5 மணிக்கே தேநீர் குடித்துப் பசியாறியவர் தகுதி இழக்கிறார். உழைக்கிறவர்கள் விடுபட்டு, வீட்டிலிருக்கும் முதியவர்களே கணக்கில் நிற்பார்கள். ஞாயிறு காலை 7 மணிக்குப் போங்கள், கடைசியாகச் சாப்பிட்ட நேரத்தைப் படிவத்தில் எழுதுங்கள்.

மூன்று மாதச் சராசரியைக் காட்டும் ஹெச்பிஏ1சி-க்கு வெறும் வயிறு தேவையில்லை. மலேசிய வழிகாட்டியில் அதன் எல்லை 6.3 சதவீதம். ஆனால் இரும்புச்சத்துக் குறைவு அந்த எண்ணை உயர்த்திக் காட்டும், பரம்பரை ரத்த நோயான தலசீமியாவின் வகைகள் எந்தப் பக்கமும் இழுக்கும். ரத்தச்சோகை மிகுந்த பெண்களிடம் ஹீமோகுளோபினையும் சேர்த்துப் பார்க்காமல் இதை மட்டும் நம்பினால் இல்லாத நோயை எழுதிவிடுவோம்.

உடல் நிறைக் குறியீட்டில் (பிஎம்ஐ) அதிக எடைக்கும் பருமனுக்கும் உரிய 25, 30 என்ற பொது எல்லைகளோடு, ஆசியர்களுக்காக 2004இல் உலகச் சுகாதார நிறுவனத்தின் நிபுணர்கள் சுட்டிய 23, 27.5 எல்லைகளிலும் முடிவுகளைத் தனித்தனியே எழுதுங்கள். இடுப்புச் சுற்றளவையும் எடுங்கள்: ஆணுக்கு 90, பெண்ணுக்கு 80 சென்டிமீட்டர்.

மதிப்பெண் போடும் கூட்டத்தில் யார் உட்கார்ந்திருக்கிறார்கள்

உலகளவில் அதிகம் பயன்படும் ஒரு முறையில், ஒவ்வொரு கேள்வியையும் ஐந்து அளவுகோலில் பார்க்கிறார்கள்: பதில் காண முடியுமா, பலன் தருமா, நடைமுறைப்படுத்த முடியுமா, நோய்ச்சுமையை எவ்வளவு குறைக்கும், ஏற்றத்தாழ்வைக் குறைக்குமா. ஆம் என்றால் 1, இல்லை என்றால் 0, நிச்சயமில்லை என்றால் 0.5. தெரியாதவர் காலியாக விடலாம். தெரியாததற்கு 0.5 போட்டுவிடுவது பரவலான பிழை, எல்லாக் கேள்விகளும் நடுவில் வந்து குவிந்துவிடும். ஐந்து அளவுகோலுக்கும் எவ்வளவு எடை என்பதை மதிப்பெண் போடுமுன்பே முடிவு செய்து எழுதி வையுங்கள். முடிவைப் பார்த்துவிட்டு எடையை மாற்றினால் முழு வேலையும் கெட்டது.

நோயாளிகளை 'ஒரு பிரதிநிதி' என்று அழைப்பது போதாது. மருத்துவர் பேசிய பிறகு அந்த ஒருவர் வாய் திறக்கமாட்டார். நோயாளிகளும் கவனித்துக்கொள்ளும் உறவினர்களும் மட்டும் முதல் சுற்றில் தமிழில் கூடட்டும். இன்சுலின் பென்னை எங்கே வைப்பது, ஃபிரிட்ஜ் இல்லாத வீட்டில் என்ன செய்வது, இரவு வேலையில் எப்போது மருந்து போடுவது என்று அங்கேதான் வரும். அந்தக் கேள்விகளை அவர்கள் சொன்ன சொல்லிலேயே இரண்டாம் சுற்றுக்குக் கொண்டுபோங்கள்.

சீனிப் பானம், பால் பவுடர் விற்கும் நிறுவனத்தின் பணம் கூட்டத்துக்கு வருகிறது என்றால் அதை முதல் பக்கத்தில் எழுத வேண்டும், அவர்களுக்கு மதிப்பெண் உரிமை கூடாது. சுகாதார அமைச்சின் கிளினிக்கையோ நோயாளிகளையோ தொடும் ஆய்வைத் தேசிய மருத்துவ ஆராய்ச்சிப் பதிவேட்டில் பதிந்து, நெறிமுறைக் குழுவின் அனுமதி வாங்க வேண்டும். பல மாதம் பிடிக்கலாம் என்பதால் கால அட்டவணையில் முதல் வரியாக அதைப் போடுங்கள்.

கண்டதைச் சொல்லாமல் போவது

ஊசி குத்தி ரத்தம் எடுத்துக்கொண்டு போன பிறகு எந்தத் தகவலும் வராத ஊர்கள் இருக்கின்றன. அடுத்த குழு வரும்போது கதவு திறக்காததற்கு அதுவே காரணம். ஆய்வுக்கு இறங்குமுன், அருகிலுள்ள அரசாங்கக் கிளினிக்கோடு பேசி, உயர்ந்த அளவு வந்தவரை யார், எந்த நாளில் பார்ப்பார் என்று எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். ரத்தச் சர்க்கரை 11.1 மில்லிமோலோ அதற்கு மேலோ வந்து, கூடவே அதிக தாகம், அடிக்கடி சிறுநீர், எடை குறைவு இருந்தால் அன்றே அனுப்ப வேண்டும். வாந்தி, மயக்கம், மூச்சு வாங்குதல் என்றால் நேராக மருத்துவமனை அவசரப் பிரிவு. கையில் கொடுக்கும் தாளில் அளவு, எடுத்த தேதியும் நேரமும், கடைசியாகச் சாப்பிட்ட நேரம், சாப்பிடும் மருந்துகள் ஆகியவை ஒரு பக்கம் மலாயில் கிளினிக்குக்காகவும், மறுபக்கம் தமிழில் அவருக்காகவும் இருக்கட்டும். இரண்டு வாரம் கழித்து ஒரு தொலைபேசி அழைப்பு, போனாரா என்று கேட்க. அந்த அழைப்புக்கான ஆள் செலவையும் பரிந்துரையின் பட்ஜெட்டில் தனி வரியாக எழுதுங்கள்.