தெருவுக்குச் செடி வைக்கப் போகிறீர்களா? முதலில் குடத்தை எண்ணுங்கள்

ஊர்ப் பிள்ளைகள் நாலு பேர் சேர்ந்து "நம்ம ஊரைப் பச்சையாக்கணும்டா" என்று கிளம்பினால் முதலில் ஒரு வாட்ஸ்அப் குழு பிறக்கும், மறுநாள் பனியன் அச்சடிக்கலாமா என்று பேச்சு வரும், அடுத்த வாரமே ஒரு லோடு கன்று வந்து இறங்கிவிடும். நாங்களும் அப்படித்தான் ஆரம்பித்தோம். எங்களுக்குப் புதுக்கோட்டை மாவட்டம், செம்மண் பூமி. 2018 நவம்பரில் கஜா புயல் எங்கள் பக்கத்தைப் புரட்டிப் போட்ட பிறகு தெருவில் நிற்க நிழல் இல்லை, அந்த ஆத்திரத்தில் மறு வருஷம் ஒரே நாளில் இருநூறு கன்று வைத்தோம். பங்குனியில் எண்ணினால் பதினொன்று. அதிலும் இரண்டு, நாங்கள் வைக்காமல் தானாக முளைத்த வேம்பு.

அப்புறம் ஒரு வருஷம் சும்மா இருந்துவிட்டு, இரண்டாவது தடவை நாற்பதுதான் வைத்தோம். முப்பத்துநாலு நிற்கிறது. நடுவில் என்னத்தை மாற்றினோம் என்பதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

மாற்றியதில் பெரிய விஷயம் இதுதான்: எத்தனை கன்று கிடைக்கும் என்று கேட்பதை விட்டுவிட்டு, சித்திரை வெயிலில் எத்தனை வீடு ஒரு குடம் தண்ணீர் ஊற்றும் என்று கேட்டோம். எங்கள் மாவட்டத்துச் சேந்தன்குடிக்காரர் மரம் தங்கசாமி தன் தோட்டத்தையே காடாக்கிக் காட்டியவர், ஆனால் அது அவருடைய தோட்டம், காலையில் எழுந்ததும் அவர் கண்ணில் பட்டது அந்த மரம்தான். தெருச்செடிக்கு அப்படி யாரும் கிடையாது. அதனால் ஒவ்வொரு செடிக்கும் ஒரு வீட்டைப் பிடியுங்கள். ஒரு வீட்டுக்கு ஒரு மரக்கன்று, இரண்டு பூச்செடி, அதற்கு மேல் கேட்டாலும் கொடுக்காதீர்கள். பேசப் போகும்போது வீட்டு ஆம்பளையிடம் பேசிவிட்டு வந்தால் பிரயோஜனம் இல்லை, தண்ணீர் எடுப்பது யாரோ அந்த அக்காவிடமோ அத்தையிடமோ பேச வேண்டும். "உங்க வாசலுக்கு என்ன செடி வேணும்" என்று கேளுங்கள். பாதிப் பேர் கனகாம்பரம் என்பார்கள், மீதிப் பேர் டிசம்பர் பூ, செம்பருத்தி என்பார்கள். சாமிக்கு வைக்கவோ தலையில் வைக்கவோ ஆகிற பூ என்றால் யாரும் சொல்லாமலே தண்ணீர் விழும். புளி வேண்டாம், பேய் வரும் என்று ஒரு பாட்டி சொன்னால் அறிவியல் பேசிக்கொண்டிருக்காதீர்கள், அது அவர் வாசல். அந்தச் செடியில் பூப் பறிக்கிற உரிமையும் அந்த வீட்டுக்குத்தான் என்று முதல் நாளே எல்லோர் முன்னாலும் சொல்லிவிடுங்கள், இல்லாவிட்டால் விடியற்காலையில் பக்கத்துத் தெருக்காரர் கூடையோடு வந்து நிற்க, அதில் ஒரு பஞ்சாயத்து நடக்கும்.

பள்ளிப் பிள்ளைகளிடம் செடியை ஒப்படைக்கிறவர்கள் ஒன்றைக் கவனியுங்கள். மே மாதம் பள்ளி பூட்டியிருக்கும், பிள்ளைகள் அம்மாயி வீட்டில் இருப்பார்கள். செடிக்குத் தண்ணீர் அதிகம் வேண்டியது அந்த மாதத்தில்தான்.

அடுத்து, எப்போது நடுவது. ஜூன் 5 சுற்றுச்சூழல் தினம் என்று சொல்லி அன்றைக்கே நட்டு வைக்கிறார்கள் பாருங்கள், கன்னியாகுமரியிலோ தென்காசியிலோ நீலகிரியிலோ அது சரி, அங்கே தென்மேற்குப் பருவமழை உண்டு. நமக்கு மழை ஐப்பசி கார்த்திகையில். ஜூனில் நட்டால் மூன்று நாலு மாதம் குடம் தூக்க வேண்டும். அதனால் ஆகஸ்ட் 15 கிராம சபையில் எழுந்து கேளுங்கள், தீர்மானத்தில் ஏற்றச் சொல்லுங்கள், அக்டோபர் 2 கிராம சபையில் ஞாபகப்படுத்துங்கள். 2022இலிருந்து வருஷத்துக்கு ஆறு கிராம சபை என்று ஆகிவிட்டது, அதனால் வாய்ப்பு இல்லை என்று சொல்ல முடியாது. தீர்மானம் எதற்கு என்றால், நாளைக்கு ரோடு போடுகிறோம் என்று பொக்லைன் வந்து நிற்கும்போது காட்ட ஒரு காகிதம் வேண்டும். ஊராட்சித் தெரு என்றால் ஊராட்சியிடம் கேட்டால் போதும், மெயின் ரோட்டு ஓரம் என்றால் நெடுஞ்சாலைத் துறை. குழி போடுவதற்கு முன்னால் டேங்க் ஆப்பரேட்டரைக் கூட்டிக்கொண்டு ஒரு நடை நடந்துவிடுங்கள், பைப் லைன் எந்தப் பக்கம் போகிறது என்பது அவருக்குத்தான் தெரியும். நாங்கள் கூட்டிப் போகவில்லை. கடப்பாரை பைப்பில் இறங்கி, ஒரு தெருவே இரண்டு நாள் எங்களைத் திட்டியது.

ஊர் பளிச்சென்று தெரிய வேண்டும் என்றால் மரத்தை நம்பிப் பிரயோஜனமில்லை, மரம் நிழல் தர ஐந்தாறு வருஷம் ஆகும். முதலில் குழாயடிக்குப் போங்கள். எல்லா ஊரிலும் குழாயடியில் தண்ணீர் வழிந்து சேறாகக் கிடக்கும். அந்தத் தண்ணீருக்கு ஒரு சின்ன வாய்க்கால் வெட்டி, இருபுறமும் கல்வாழைக் கிழங்கை ஒரு முழத்துக்கு ஒன்றாகப் புதைத்துவிடுங்கள், கடைசியில் நாலு வாழை. யாரும் தண்ணீர் ஊற்ற வேண்டாம். சில மாதத்தில் சிவப்பும் மஞ்சளுமாகப் பூத்துவிடும், சேறும் போய்விடும். எங்கள் ஊரில் "இவனுங்க ஏதோ பண்றானுங்கப்பா" என்று பெரியவர்கள் முதன்முதலில் சொன்னது குழாயடியைப் பார்த்துத்தான். அதற்குப் பிறகு எதைக் கேட்டாலும் கிடைத்தது.

இரண்டாவது, பஸ் நிறுத்தம். அங்கே தண்ணீரும் இருக்காது, ஆளும் இருக்க மாட்டார், அதனால் காகிதப்பூ. மழைக்காலத்தில் பென்சிலைவிடக் கொஞ்சம் தடிமனான குச்சியாக வெட்டிப் பையில் வேர் பிடிக்க வைத்துக் கொண்டுபோய் வைக்கலாம், காசு செலவில்லை. செம்பருத்தி, நந்தியாவட்டை எல்லாமே இப்படிக் குச்சியில் வரும். கீழே வெறுந்தரைக்கு நித்தியகல்யாணி விதையைத் தூவிவிடுங்கள், ஆடு அதை மோந்து பார்த்துவிட்டுப் போய்விடும். அரளி வைக்கலாமே, அதையும் ஆடு தொடாதே என்பீர்கள். நாற்கர சாலை நடுவில் இருக்கட்டும், ஊருக்குள் வேண்டாம். அரளியும் விஷம், தங்க அரளிக் கொட்டை அதைவிட மோசம், குழந்தைகள் நடமாடும் இடத்தில் அது எதற்கு?

ஆடு என்று வந்துவிட்டதால் சொல்லிவிடுகிறேன், கன்றுக்கு வெயிலைவிடப் பெரிய எதிரி ஆடுதான். மாட்டையாவது விரட்டலாம். எங்கள் ஊரில் கோயிலுக்கு நேர்ந்துவிட்ட கிடா ஒன்று இருந்தது, அதை அதட்டவும் முடியாது, கட்டவும் முடியாது, தெருத் தெருவாகப் போய்க் கொழுந்து தின்றது. இதற்கு இரும்புக் கூண்டு நல்லதுதான், சிங்கப்பூரில் இருக்கும் தம்பிகளிடம் கேட்டால் வாங்கித் தருவார்கள், ஆனால் கூண்டில் உபயதாரர் பெயர்ப் பலகை செடியைவிடப் பெரிதாக இருந்தால் கன்றுக்கு வெயில் எங்கிருந்து வரும்? கூண்டு இல்லாத இடத்தில் சீமைக்கருவேல முள்ளை வெட்டி ஆளுயரத்துக்குச் சுற்றி அடையுங்கள், அந்த மரத்தால் ஆகிற உருப்படியான காரியம் அது ஒன்றுதான். வேலி ஓரமாக ஆடாதொடை, நொச்சி வைத்தால் அடைப்பே வேண்டாம். ஆடு தொடாததால்தான் அதற்கு ஆடாதொடை என்று பெயர் என்பார்கள்.

இன்னொரு வழியும் இருக்கிறது, போத்து நடுவது, அதாவது மரத்தின் கிளையையே வெட்டி ஊன்றுவது. பூவரசு, கல்யாண முருங்கை இரண்டுமே போத்தில் வரும். கை மணிக்கட்டு தடிமனுக்கு ஆறேழு அடி நீளத்தில் வெட்டி, ஒன்றரை அடி ஆழத்தில் நட்டு மண்ணை நன்றாக மிதித்து, தலை காயாமல் இருக்கச் சாணியும் செம்மண்ணும் குழைத்து அப்பிவிட்டால், துளிர் ஆட்டுக்கு எட்டாத உயரத்தில்தான் விடும். கல்யாண முருங்கை செக்கச்செவேல் என்று பூக்கும்போது ஊர் எல்லையிலிருந்தே தெரியும். ஆனால் போத்துக்கு ஆணிவேர் இருக்காது, காற்றுக்குச் சாயும், அதனால் வீட்டை ஒட்டி வைக்காதீர்கள்.

மரக்கன்று என்றால் புங்கன், வேம்பு, மகிழம், சரக்கொன்றை, நாவல், புன்னை. பசுமைத் தமிழ்நாடு இயக்கம் 2022இல் தொடங்கியபோதிருந்து வனத்துறை நாற்றங்கால்களில் நாட்டு மரங்கள் நிறைய வளர்க்கிறார்கள், முன்கூட்டியே போய்க் கேட்டு வையுங்கள். கரண்ட் கம்பிக்கு அடியில் மகிழமோ நாவலோ வேண்டாம், பவழமல்லி, மந்தாரை போதும். சீக்கிரம் வளரும் என்று கோனோகார்ப்பஸ் என்கிற வெளிநாட்டு மரத்தை வைக்கச் சொல்லி யாராவது வந்தால் அரசே அதை வைக்கக்கூடாது என்று சொல்லிவிட்டதைச் சொல்லுங்கள். கன்று இடுப்புயரத்துக்கு மேல் இருக்கட்டும், முழங்கால் உயரக் கன்று நூறைவிட ஆளுயரக் கன்று இருபது மேல்.

குழி இரண்டு அடி நீளம், அகலம், ஆழம். புரட்டாசியிலேயே வெட்டி ஆறப்போடுங்கள், மேல்மண்ணைத் தனியாக வையுங்கள். இரண்டு மழை இறங்கிய பிறகு, மேல்மண்ணோடு மக்கிய குப்பையும் கரையானுக்காக இரண்டு கை வேப்பம்புண்ணாக்கும் கலந்து நிரப்பி நட வேண்டும். குப்பைக்கு அலைய வேண்டாம், ஊராட்சியில் தூய்மைக் காவலர்கள் உரம் போடுகிறார்களா என்று கேளுங்கள். பையைப் பிளேடால் கீறி எடுங்கள், பிடித்து உருவாதீர்கள், மண் கட்டி உடைந்தால் கன்று போச்சு. அடியில் வேர் சுருண்டிருந்தால் சுருளை மட்டும் நறுக்கிவிடுங்கள். அப்படியே நட்டால் வேர் சுருண்டபடியே வளர்ந்து, நாளைக்கு ஒரு புயலில் மரம் வேரோடு வந்துவிடும். பக்கத்தில் ஒரு கம்பு ஊன்றி, பழைய சேலைத் துணியால் தளர்வாகக் கட்டுங்கள், கயிறு வேண்டாம், பட்டையை அறுக்கும்.

ஊரணிக் கரைக்குப் பனை. விதை புரட்டாசியில் சும்மா கிடைக்கும், பத்தடிக்கு ஒன்றாக ஒரு அடிக்குள் புதைத்துவிட்டால் முடிந்தது வேலை, குடமும் வேண்டாம் கூண்டும் வேண்டாம். ஞாயிற்றுக்கிழமை கூட்டம் சேர்த்துப் போட்டோ எடுக்க வேண்டும் என்று ஆசையிருந்தால் அதைப் பனை விதைப்புக்கு வைத்துக்கொள்ளுங்கள், எத்தனை பேர் வந்தாலும் வேலை இருக்கும், கெடுவதற்கும் ஒன்றுமில்லை.

தண்ணீர், மழை நின்ற பிறகு மூன்று நாலு நாளைக்கு ஒரு குடம், சாயங்காலமாக. தூரில் தென்னை மட்டை, சருகு போட்டு மூடாக்குப் போட்டால் ஒரு நாள் தள்ளிப்போனாலும் தாங்கும். ஆள் இல்லாத இடத்தில் பழைய மண்பானையின் அடியில் சின்ன ஓட்டை போட்டுத் துணித் திரி செருகிக் கன்றுக்குப் பக்கத்தில் புதைத்துவிடுங்கள், நிரப்பிவிட்டால் நாலைந்து நாளைக்குக் கசிந்துகொண்டிருக்கும். இப்படி இரண்டு கோடை.

ஒரு நாற்பது பக்க நோட்டு போடுங்கள். செடி, வீடு, மாதம், இருக்கிறதா இல்லையா, அவ்வளவுதான். மாதத்தில் ஒரு ஞாயிறு இரண்டு பேர் நடந்து பார்த்து எழுதினால் போதும். செத்துப்போனதற்கு யாரையும் கேள்வி கேட்காதீர்கள், அடுத்த ஐப்பசியில் அதே குழியில் வேறு கன்று. ஒரே குழியில் இரண்டு தடவை போனால் அங்கே பாறையோ கரையானோ சோப்புத் தண்ணீரோ இருக்கிறது, இடத்தை மாற்றுங்கள்.

மரம் கூண்டைத் தாண்டித் தலைக்கு மேல் போனதும் கூண்டைக் கழற்றிவிடுங்கள், விட்டால் கம்பி மரத்துக்குள் புதைந்துவிடும். எங்கள் முதல் கூண்டைப் போன ஆவணியில் கழற்றினோம். அது இப்போது கீழத்தெருவில், ஒரு மகிழங்கன்றைச் சுற்றி நிற்கிறது.