அயல்நாட்டுச் செய்தி நிறுவனம் யார் கையில் இருக்கிறது? கண்டுபிடிக்கும் முறை

வேறு நாட்டுச் செய்தி ஒன்றைப் பகிரவோ மொழிபெயர்க்கவோ எடுப்பதற்கு முன், அதை வெளியிட்ட நிறுவனத்தைப் பற்றி அரைமணி நேரம் தேடிப் பாருங்கள். அரசு, தனியார் என்று இரண்டாக மட்டும் பிரித்தால், சீனாவின் சிசிடிவியும் பிரிட்டனின் பிபிசியும் ஒரே பக்கம் போய்ச் சேர்ந்துவிடும். சிசிடிவி கம்யூனிஸ்ட் கட்சியின் பிரச்சாரத் துறைக்குக் கீழே இயங்குகிறது. பிபிசிக்கோ அரச சாசனமே தன்னாட்சி தருகிறது. இப்போதைய சாசனம் 2027 இறுதிவரை செல்லும். எனவே அரசு ஊடகம், பொது ஊடகம், தனியார் ஊடகம் என்று மூன்று வகை வேண்டும். முதல் இரண்டையும் பிரித்தறிவதில்தான் உண்மையான வேலை இருக்கிறது.

முதலில் பணம். நிறுவனத்தின் ஆண்டறிக்கையில் வருவாய்ப் பகுதியைத் திறந்து, வீடுகள் கட்டும் உரிமக் கட்டணம், அரசு மானியம், விளம்பரம், சந்தா ஆகியவற்றில் எது எவ்வளவு என்று குறித்துக்கொள்ளுங்கள். அதோடு நிறுத்திவிடாமல், அந்தப் பணத்தை யார் நிறுத்த முடியும் என்றும் பாருங்கள். ஜெர்மனியில் ஒவ்வொரு வீடும் பொது ஒலிபரப்புக்காக மாதம் 18.36 யூரோ கட்டுகிறது. தேவையைக் கணக்கிட்டுச் சொல்வது தனி ஆணையம்; ஒப்புதல் தர வேண்டியவை மாநிலச் சட்டமன்றங்கள். 2020 இறுதியில் சாக்சனி-அன்ஹால்ட் மாநிலம் மட்டும் உயர்வுக்கு ஒப்புதல் தராமல் விட்டது. 2021இல் அரசியல் சாசன நீதிமன்றம் அது ஒலிபரப்புச் சுதந்திரத்தை மீறுவது என்று தீர்ப்பளித்து, உயர்வை நடைமுறைக்குக் கொண்டுவந்தது. பணத்தில் அரசியல் கை வைக்காமல் காக்கும் இந்தப் பூட்டு வேலை செய்கிறதா என்பதை இப்படி ஒரு சோதனை வந்தபோது என்ன நடந்தது என்று பார்த்தே சொல்ல முடியும்.

அமெரிக்காவில் நேர்மாறு. பொதுத் தொலைக்காட்சியான பிபிஎஸ், பொது வானொலியான என்பிஆர் நிலையங்களுக்கான கூட்டாட்சிப் பணத்தை இரண்டு ஆண்டுகளுக்கு முன்கூட்டியே ஒதுக்குவது வழக்கமாக இருந்தது. அரசியல் அழுத்தம் வராமலிருக்கத்தான் இந்த ஏற்பாடு. ஆனால் 2025 ஜூலையில் காங்கிரஸ், ஒதுக்கிய சுமார் 110 கோடி டாலரையும் ஒரே மசோதாவில் திரும்பப் பெற்றுக்கொண்டது. நன்கொடையாளர் நிறைந்த பெருநகர நிலையங்களைவிட, இந்த மானியத்தையே நம்பியிருந்த சிறு ஊர் நிலையங்களுக்குத்தான் அடி பலமாக விழுந்தது.

இங்கே இரண்டு இடங்களில் பலர் சறுக்குவார்கள். விளம்பரம் வருவதால் தனியார் என்று முடிவு கட்டுவது ஒன்று: பிரிட்டனின் சேனல் 4 பொதுச் சொத்து, ஆனால் ஓடுவது விளம்பரப் பணத்தில். ஒரு நாட்டுக்கு ஒரே முத்திரை குத்துவது மற்றொன்று: ஜெர்மனியிலேயே பொது ஒலிபரப்பு நிறுவனங்களான ஏஆர்டி, இசட்டிஎஃப் வீட்டுக் கட்டணத்தில் நடக்கின்றன, வெளிநாட்டு ஒலிபரப்பான டாய்ச்ச வெல்லே மத்திய அரசின் வரிப்பணத்தில் நடக்கிறது.

அடுத்தது நியமனம். இதற்கு ஆண்டறிக்கை போதாது, சட்டத்தையே படிக்க வேண்டும். தலைவரை யார் நியமிக்கிறார், பதவிக்காலம் எவ்வளவு, எந்தக் காரணத்துக்காக நீக்கலாம் என்ற மூன்றையும் தேடுங்கள். ஜப்பானின் பொது ஒலிபரப்பு நிறுவனமான என்எச்கேயில் 12 ஆளுநர்களைப் பிரதமர் நியமிக்கிறார், ஆனால் நாடாளுமன்றத்தின் இரு அவைகளும் இசைய வேண்டும். இசட்டிஎஃப் மேற்பார்வைக் குழுக்களில் அரசு சார்ந்தவர்கள் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் இருக்கக்கூடாது என்று 2014இல் தீர்ப்பு வந்தது. இந்தியாவில் தூர்தர்ஷனையும் அகில இந்திய வானொலியையும் நடத்தும் பிரசார் பாரதிக்கான சட்டம் 1990இல் நிறைவேறி 1997இல்தான் நடைமுறைக்கு வந்தது. சட்டப்படி அது தன்னாட்சி அமைப்பு. மானியமோ தகவல் ஒலிபரப்பு அமைச்சகம் வழியாகவே வருகிறது. இப்படிச் சட்டமும் பணமும் வெவ்வேறு பக்கம் இழுத்தால், பணம் வரும் வழிக்குத்தான் நான் அதிக எடை கொடுப்பேன்.

பூட்டு பலவீனமாக இருந்தால் ஒரு கட்சி மட்டும் அதைத் திறப்பதில்லை. போலந்தில் 2016 தொடக்கத்தில் ஒரு சட்டத் திருத்தம், பொது ஊடகத் தலைவர்களை நியமிக்கும் அதிகாரத்தைக் கருவூல அமைச்சரிடம் கொடுத்தது. 2023 டிசம்பரில் ஆட்சி மாறியதும் புதிய அரசு அந்தத் தலைமையை நீக்கி, நிறுவனங்களைக் கலைப்பு நடைமுறைக்குள் கொண்டுபோனது.

தனியார் என்றால் உரிமையாளரின் மற்ற தொழில்களைப் பாருங்கள். அவை அரசு ஒப்பந்தத்தையோ உரிமத்தையோ நம்பியிருந்தால் எச்சரிக்கையாக இருக்க வேண்டும். இத்தாலியில் பெர்லுஸ்கோனி பிரதமராக இருந்தபோதே நாட்டின் பெரிய தனியார் சேனல்கள் அவர் குடும்ப நிறுவனத்தின் வசம் இருந்தன. நிறுவனம் இயங்கும் நாட்டின் விதியும் முக்கியம். பிரிட்டனில் நடுநிலை விதி தனியார் தொலைக்காட்சிச் செய்திக்கும் பொருந்தும், நாளிதழ்களுக்குப் பொருந்தாது. ஒலிபரப்பில் எதிர்க்கருத்துக்கும் இடம் தர வேண்டும் என்று அமெரிக்காவில் 1949 முதல் இருந்த நியாயக் கோட்பாடு 1987இல் கைவிடப்பட்டது. இந்தியாவில் தனியார் எஃப்எம் நிலையங்கள் சொந்தமாகச் செய்தி தயாரிக்கவே அனுமதியில்லை.

கடைசியாக, செய்தியை வைத்தே சோதியுங்கள். அந்த நாட்டு அரசுக்குச் சங்கடமான ஒரு நாளைத் தேர்ந்தெடுங்கள்: அமைச்சர் ராஜினாமா, தணிக்கை அறிக்கை, பெரிய போராட்டம். வெளிநாட்டாருக்கான ஆங்கிலச் சேவையை விட்டுவிட்டு, உள்நாட்டு மொழியின் முதன்மைச் செய்தியறிக்கையை மொழிபெயர்ப்புக் கருவியின் உதவியோடு பாருங்கள். அது எத்தனையாவது செய்தி, எதிர்த்தரப்பு சொந்தக் குரலில் பேசுகிறதா அல்லது செய்தி வாசிப்பவரே அவர்கள் சொன்னதாகச் சொல்கிறாரா, எண்ணிக்கைகள் யார் தந்தவை என்று எழுதிவையுங்கள். ஒரே நாளை வைத்துத் தீர்ப்பு சொல்லாமல் மூன்று நாட்களாவது பாருங்கள். கத்தார் அரசுப் பணத்தில் நடக்கும் அல் ஜசீராவை மற்ற நாடுகளைப் பற்றிய செய்தியால் எடைபோடாதீர்கள். கத்தாரைப் பற்றிய செய்திதான் அளவுகோல். தன் தவறைத் தானே கிளறும் நிறுவனத்துக்கு மதிப்பு கூடும்: மறைந்த பிபிசி தொகுப்பாளர் ஜிம்மி சாவில் மீதான பாலியல் புகார்கள் பற்றிய விசாரணையைக் கைவிட, பிபிசியின் நியூஸ்நைட் நிகழ்ச்சி எடுத்த முடிவை, 2012இல் அதே பிபிசியின் பனோரமா நிகழ்ச்சி விசாரித்து ஒளிபரப்பியது.

ஒப்பிடும்போது செய்தியின் தொடக்கத்திலோ முடிவிலோ உள்ள செய்தி முகமையின் பெயரையும் பாருங்கள். ராய்ட்டர்ஸ், ஏபி, ஏஎஃப்பி அனுப்பிய ஒரே செய்தியை மூன்று தளங்கள் வெளியிட்டிருந்தால் அது ஒரே ஆதாரம்தான். குறிப்பெழுதும்போது நாட்டின் பெயரோடு நிறுவனத்தின் பெயரையும் பார்த்த தேதியையும் சேருங்கள். பிரான்ஸ் 2022இல் பொது ஒலிபரப்புக்கான வீட்டுக் கட்டணத்தையே ஒழித்துவிட்டது. அந்நாட்டு ஊடகப் பணம் பற்றிய அதற்கு முந்தைய குறிப்பு இன்று செல்லாது.